முன்னால் போன இரண்டு சைக்கிள்கள்

என் மனைவி முப்பத்தொன்பதாவது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதையில் நான் நடந்துகொண்டதற்கு எந்த முகாந்திரமும் இருக்காது.

நாங்கள் இருப்பது ஊத்துக்குளிக்கும் திருப்பூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. நான் கட்டிங்கில் இருக்கிறேன். துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷினால் வெட்டித் தருவது என் வேலை. அவள் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வருகிற பனியனில் ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஆறு கிலோமீட்டர். கம்பெனி வேன் எங்கள் ஊர்ப்பக்கம் வராது. மொபெட் ஒன்று இருக்கிறது, ஆனால் அது மகளுக்காக வாங்கினது. அவள் ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள். விடிவதற்குள் அந்த வண்டியில் ஊத்துக்குளி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடிப்பாள். ஆகவே எனக்கும் மனைவிக்கும் மிஞ்சியது என் பழைய சைக்கிள்தான்.

பன்னிரண்டு வருஷம் அவள் என் கேரியரில் உட்கார்ந்துதான் வேலைக்கு வந்தாள். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் காலைக் குளிர் சாதாரணமாக இருக்காது. ஏழு மணிக்குக்கூட ரோட்டோரத்துச் சோளக்காடு கண்ணுக்குத் தெரியாது, பனிக்குள் சலசலவென்று சத்தம் மட்டும் வரும். அவள் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இரண்டு கைகளையும் என் ஸ்வெட்டர் ஜோப்பில் விட்டுக்கொள்வாள். வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவாள். சூப்பர்வைசர் யாரைத் திட்டினார், பக்கத்து வீட்டுக்காரி எதற்கு முகத்தைத் திருப்பினாள், மகளுக்கு எந்த வரன் ஒத்து வரும் என்று எல்லாம். எதிர்க்காற்றில் பாதிதான் என் காதில் விழும். விழுந்த பாதிக்கு நான் "ம்" என்பேன். விழாத பாதியை ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. அதை ஓட்டிப் பழகட்டுமா என்று மனைவி இரண்டு தடவை என்னிடம் கேட்டாள். இந்த வயதில் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளவா என்று இரண்டு தடவையும் சொன்னேன். அக்கறையில்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவளோடு செக்கிங் டேபிளில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். ஒல்லியாக, கறுப்பாக, எப்போதும் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பாள். புருஷன் சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை ஊரில் பாட்டியோடு இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தாண்டி ரோட்டை ஒட்டி வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். என் மனைவியை அக்கா என்பாள், என்னை, இந்தியில் அண்ணன் என்கிற அர்த்தத்தில், பையா என்பாள். தமிழை வினைச்சொல்லுக்கு வாலே இல்லாமல் பேசுவாள். "அக்கா, சாப்பாடு ஆச்சு? பையா போச்சு?" என்கிற மாதிரி. இவ்வளவுதான் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. முக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என் தோளைத் தட்டி, "ஏனுங்க, அது உங்க ஊட்டுக்காரம்மா தானுங்களே?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். பள்ளிக்கூட மைதானத்துப் பக்கமிருந்து என் மகளின் சைக்கிளில் என் மனைவி வந்துகொண்டிருந்தாள். சேலை முந்தியை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். ஹேண்டில்பாரை எருமைக் கொம்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள். பின்னாலேயே ஒடிசாக்காரி ஓடிவந்தாள். கேரியரைத் தொடவில்லை, ஆனால் தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு, "சாம்னே தேகோ அக்கா, சாம்னே!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னால் பார்க்கச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. என் மனைவி முன்னால் மட்டும்தான் பார்த்தாள். கடையில் உட்கார்ந்திருந்த என்னை அவள் பார்க்கவில்லை.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான். நானும் சிரித்தேன். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் துணி துவைக்க வாய்க்காலுக்குப் போகிறேன் என்று நாலு வாரமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேண்டாம்பீங்க" என்றாள். அதோடு முடிந்தது.

மறுநாளிலிருந்து அவள் தன் சைக்கிளில் வந்தாள். முதல் ரெண்டு கிலோமீட்டர் என்னோடு வருவாள். லைன் வீட்டு முக்கில் அந்தப் பெண் தன் சைக்கிளோடு நின்றுகொண்டிருப்பாள். அங்கிருந்து இரண்டு பேரும் சேர்ந்து முன்னால் போவார்கள். நான் பின்னால் போவேன். எனக்கு நாற்பத்தெட்டு ஆகிறது, பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைப்பும் உண்டு. குளிர்காலத்தில் வேகமாக மிதித்தால் மூச்சு இரைக்கும். அவர்கள் எனக்காக மெதுவாகப் போனதில்லை. வேண்டுமென்று வேகமாகவும் போகவில்லை. பேச்சு சுவாரசியத்தில் போனார்கள், அவ்வளவுதான்.

எனக்கு முதலில் தெரிந்தது முதுகில் ஏறின குளிர். பன்னிரண்டு வருஷமாக அங்கே ஒரு ஆள் இருந்திருக்கிறாள். ஸ்வெட்டருக்குள் இன்னொரு பனியன் போட்டுப் பார்த்தேன். அது போதவில்லை.

மார்கழி பிறந்தபோது கம்பெனியில் ஒரு ஆர்டர் ரிஜெக்ட் ஆனது. குல்லா மாதிரித் தலைமூடி வைத்துத் தைத்த கனத்த பனியன்கள், அரக்குச் சிவப்பு. தையலில் ஏதோ கோணல். அதை வேலைக்காரர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். என் மனைவி இரண்டு வாங்கினாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அந்தப் பெண்ணுக்கு. எனக்கு எங்கே என்று விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "உங்களுக்குத்தான் ஸ்வெட்டர் இருக்குதுங்களே" என்றாள். உண்மைதான், இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் பனிக்குள் ஒரே மாதிரி இரண்டு சிவப்புத் தலைகள் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனபோது, அதில் எது என் மனைவி என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தவறான முதுகைப் பார்த்துக்கொண்டு மிதித்தேன். அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பொறாமை ஒரு ஆம்பிளை மேல் வந்திருந்தால் எனக்கே அதைச் சொல்லிக்கொள்ள வார்த்தை கிடைத்திருக்கும். சண்டை போட ஒரு காரணமும் கிடைத்திருக்கும். ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையோடு பேசிக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அதனால் உள்ளேயே வைத்துக்கொண்டு சில்லறைக் காரியங்களில் காட்டினேன். ஒடிசாவிலும் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வெங்காயத்தோடு உண்பார்களாம் என்று மனைவி அதிசயமாகச் சொன்னால், சோற்றைத் தின்னாமல் கல்லையா தின்பார்கள் என்பேன். அவள் ஒரு இந்தி வார்த்தையைச் சொல்லிப் பார்த்தால், இனி வீட்டில் தமிழ் பேச ஆள் வைக்க வேண்டுமா என்பேன். போகிற வழியில் அவர்கள் எத்தனை தடவை சிரித்தார்கள் என்று எண்ணிக்கொண்டு வருவேன். வேகமாக மிதித்து, மூச்சு வாங்கப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தால் பேச்சு நின்றுவிடும். "பையா, டண்டி ஹை" என்பாள் அந்தப் பெண், குளிராக இருக்கிறது என்று. நான் தலையை ஆட்டுவேன். திரும்பவும் பின்தங்கிவிடுவேன். பேச்சு திரும்பவும் ஆரம்பிக்கும்.

ஒருநாள் நல்ல பனி. பத்தடி தள்ளி இருப்பது தெரியாது. பனியில் கண் மறையுமே தவிர காது மறையாது. அவர்கள் மெதுவாகப் போனார்கள் போலிருக்கிறது, நான் அவர்களுக்கு நேர் பின்னால் வந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் அது தெரியாது. மனைவி பேசிக்கொண்டிருந்தாள், மெதுவாக, அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து.

அவளுக்குப் பத்து வயதில் அவளுடைய அண்ணனுக்குச் சைக்கிள் வாங்கினார்களாம். யாரும் இல்லாத நேரத்தில் அதை வேலிப்பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஏறிப் பார்த்திருக்கிறாள். கிளுவை முள்ளில் விழுந்து மட்கார்டு வளைந்துவிட்டது. அண்ணன் போய்ச் சொல்லிவிட்டான். பொட்டைப் புள்ளைக்குச் சைக்கிள் கேக்குதா என்று அவள் அம்மா கரண்டியைக் காய வைத்துக் கெண்டைக்காலில் சூடு வைத்துவிட்டாள்.

அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். இருபத்தோரு வருஷமாகத் தெரியும். கல்யாணமான புதிதில் என்ன தழும்பு என்று கேட்டேன். வெண்ணெய் காய்ச்சும்போது நெய் கொட்டிவிட்டது என்றாள். அவள் பிறந்த வீடு குன்னத்தூர்ப் பக்கம், எருமைகள் வைத்திருந்த குடும்பம், வீட்டில் வெண்ணெய் காய்ச்சுவது உண்டு. நான் நம்பிவிட்டேன். யாராவது கேட்டால் நானே, "நெய் கொட்டினதுங்க" என்று சொல்லியிருக்கிறேன். ரெண்டு மாசம் சேர்ந்து சைக்கிள் ஓட்டினவளுக்குத் தெரிந்த விஷயம், இருபத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவனுக்குத் தெரியாது.

பிரேக்கை மெதுவாகப் பிடித்து நின்றுவிட்டேன். அவர்கள் பனிக்குள் போன பிறகுதான் திரும்ப மிதித்தேன். அன்றைக்குக் கட்டிங்கில் ஒரு அடுக்குத் துணியை அளவு தவறி வெட்டினேன். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்தேன். மனைவி அடுப்படியில் இருந்தாள், மகள் கிளம்பிப் போய்விட்டாள். பொடக்காளிக்குப் போய் மனைவியின் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினேன். இரும்பெல்லாம் பனி படர்ந்து ஈரமாக இருந்தது. பின் சக்கரத்து வால்வைக் கழற்றினேன். காற்று சீறிக்கொண்டு போனது. உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் குழாயை உருவி எடுத்து சட்டை ஜோப்பில் போட்டுக்கொண்டு, வால்வைத் திரும்பவும் முறுக்கி வைத்தேன். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஒரு திருட்டு நாய் மாதிரி அங்கே குந்தியிருக்கிறோம் என்று எனக்கே தெரிந்தது. இருந்தாலும் செய்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏழு மணிக்கு அவள் சைக்கிளை எடுத்தாள். டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. பம்ப் வைத்து அடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை.

"பஞ்சராட்ட இருக்குது. ஏறு அம்மிணி, கேரியர்ல போலாம்" என்றேன்.

ஏறினாள். வண்டி அமுங்கினதும் எனக்குப் பழைய நாள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் ஜோப்பில் கை விடவில்லை, சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பேசவுமில்லை. நானாக, இன்றைக்குப் பனி அதிகம் என்றேன். ஆமாங்க என்றாள். சாயங்காலம் சைக்கிள் கடையில் கொடுத்துவிடலாம் என்றேன். அதற்கும் ஆமாங்க என்றாள்.

லைன் வீட்டு முக்கில் அந்தப் பெண் நின்றிருந்தாள். என் கேரியரில் இவளைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. மனைவி என்னை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள்.

"நீங்க முன்னால போங்க. நான் இவளோட வாரேன்."

"அவளால உன்னை வெச்சு மிதிக்க முடியுமா?"

"மாத்தி மாத்தி மிதிச்சுக்கறோம்" என்றாள்.

என் சைக்கிளில் கேரியர் இருக்கிறது, உட்கார்ந்து வந்த இடமும் சூடு ஆறாமல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இன்னொருத்தியின் கேரியரில் என் கண்ணெதிரே ஏறி உட்கார்ந்தாள். முறுக்கிக்கொண்டு, மூச்சு இரைக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் மிதித்துக் கம்பெனிக்குப் போய்விட்டேன். வழியில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் வந்து என்னைக் கூப்பிட்டார். ரயில்வே பாலத்து இறக்கத்தில் என் மனைவியும் இன்னொரு பெண்ணும் விழுந்துவிட்டார்கள் என்றார். பனிக்குள் எதிரே ஒரு வேன் வெளிச்சம் வந்திருக்கிறது. ஒடிசாக்காரி பிரேக் பிடித்திருக்கிறாள். ரெண்டு ஆள் கனத்துக்கு அந்தப் பிரேக் நிற்கவில்லை, ஈர மண்ணில் சறுக்கியிருக்கிறது. வேன் ஒதுங்கிப் போய்விட்டது, வேறு வம்பு இல்லை. மனைவிக்கு முழங்காலில் சிராய்ப்பு. அந்தப் பெண்ணுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பனியனின் கையைக் கத்தரியால் வெட்டித் திறந்திருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் பையா என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, அக்காவுக்கு அடி பெரியதா என்று கேட்டாள். என் ஜோப்புக்குள் அந்த ரப்பர் இருந்தது.

அவள் புருஷனுக்குச் சாயப்பட்டறையில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். ஒரு கையை வைத்துக்கொண்டு அவளால் சமைக்கவோ தண்ணீர் எடுக்கவோ முடியாது. ஆகவே மனைவி யாரையும் கேட்காமல் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, என் கட்டிலில் தலையணைக்கு மேல் தலையணை வைத்து அவள் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலை ஒட்டின ஆசாரத்தில் பாய் விரித்துப் படுத்தேன்.

குற்றம் செய்தவனுக்குப் பொறாமை போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்குப் போகவில்லை. வீட்டுக்குள் வந்ததும் கூடிவிட்டது. மனைவி அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சோற்றைப் பிசைந்து தட்டை மடியில் வைத்தாள். குளிக்கத் தண்ணி வாக்க உதவினாள். எனக்கு ரெண்டு வருஷம் முன்னால் மஞ்சள் காமாலை வந்தபோது இதையெல்லாம் எனக்கும் செய்தாள்தான், ஆனால் அப்போது இப்படிச் சிரித்துக்கொண்டு செய்தாளா என்று யோசித்தேன். என்னால்தான் கை ஒடிந்தது என்று ஒரு நிமிஷம் கூசிப்போவேன். அடுத்த நிமிஷம் அடுப்படியிலிருந்து ரெண்டு குரல் கேட்டால் உள்ளே புகைய ஆரம்பித்துவிடும். என் மகள் ஒருநாள் அந்தப் பெண்ணின் மாவுக்கட்டைச் சரிபார்த்துக்கொண்டே, "அப்பா, ஒடம்பு முடியாதவங்க ஊட்ல இருக்கறப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியாதீங்க" என்றாள். அவளுக்குக் காரணம் தெரியாது.

அஞ்சாவது நாள், ஞாயிறு. மனைவி துணி துவைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளும் அந்தப் பெண்ணும் உள்ளே போனில் ஊரில் இருக்கிற குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் அந்தச் சின்ன ரப்பர் குழாய்.

"இது உங்க சட்டை ஜோப்புல இருந்துச்சுங்க" என்றாள். அதற்குள் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பஞ்சர் எதுவும் இல்லை, வால்வுக்குள் ரப்பர்தான் இல்லை, யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டுப் பையன்கள் வேலை என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

நான் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். சொல்ல வரவில்லை.

"நீ எங்கூட வரோணும்னுதான்" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "பன்னெண்டு வருசம் உங்ககூடத்தானே வந்தேன்" என்றாள். "வழியெல்லாம் பேசிட்டேதான் வந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்ன சொன்னேன்னு திருப்பிக் கேட்டிருப்பீங்களா?"

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசில் கிடந்து அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். தழும்பு நெய்யால் வந்தது என்று ஏன் சொன்னாய் என்று. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பின்னாலிருந்து கேட்டதைச் சொன்னேன்.

"நீங்க கேட்டப்ப நமக்குக் கலியாணம் ஆயி நாலு நாளு. புதுசா வந்த ஊட்டுல போயி எங்கம்மா சூடு வெச்சாள்னு சொல்ல முடியுமுங்களா?"

"அதுக்கப்பறம் சொல்லியிருக்கலாமே."

"அதுக்கப்பறம் நீங்க கேக்கலை" என்றாள். "சைக்கிள் பழகட்டுமான்னு கேட்டனே. அன்னிக்கு ஏன்னு கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்" என்றாள்.

பிறகு எழுந்து நின்று, அந்தப் பெண்ணிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள். தான் சொல்ல மாட்டேன், ஆனால் சொல்லாமல் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து சோறு உண்ணவும் விடமாட்டேன் என்றாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் எனக்கு இட்ட முதல் கட்டளை அது.

அன்றைக்குச் சாயங்காலம் சொன்னேன். எனக்கு இந்தி வராது, அவளுக்கு என் தமிழ் முழுதாகப் புரியாது. சைக்கிளைக் காட்டினேன், ரப்பரைக் காட்டினேன், என்னைக் காட்டினேன். அவள் முதலில் சைக்கிளைச் சரிசெய்து கொடுத்ததைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. காலேஜில் கொஞ்சம் இந்தி பழகியிருந்த என் மகள் அங்கே வந்து, நான் சொல்வதைக் கேட்டு, இந்தியில் ரெண்டே வரியில் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். ஒடிசாக்காரிக்குப் புரிந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, "கியோங், பையா?" என்றாள். ஏன் என்று கேட்டாள். நானும் பதில் தேடினேன். உன்னைப் பார்த்துப் பொறாமை என்பதை எந்தச் சைகையில் காட்டுவது? தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மனைவி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவளைச் சைக்கிள் கேரியரில் வைத்து லைன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது என் மனைவிதான். காலையும் மாலையும் அங்கேயே போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். பொங்கல் நோம்பிக்குக்கூட அங்கேதான் முதலில் பொங்கல் போனது. நான் போய் நிற்க முடியாது. தினமும் அவர்கள் வாசலுக்கு ரெண்டு குடம் தண்ணீர் மட்டும் குழாயிலிருந்து பிடித்து வைத்துவிட்டு வருவேன். யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் அதை எடுத்துக்கொண்டாள், ஆனால் கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாசி பிறந்து கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, கம்பெனி வாசலில் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பையா என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

மனைவி என்னோடு பேச ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நான் கேட்கப் பழகினேன். பழகினேன் என்று சொல்வதைவிடப் படித்தேன் என்பதுதான் சரி. முதலில் பரீட்சைக் கேள்வி மாதிரித்தான் வந்தது. இன்றைக்கு எத்தனை பீஸ் செக் பண்ணினாய், சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று. எதற்கு இப்படி விசாரணை வைக்கிறீர்கள் என்று அவளே சிரித்துவிட்டாள். பிறகு ஒருநாள் அந்தச் சைக்கிளின் மட்கார்டை உன் அண்ணன் சரிபண்ணினானா என்று கேட்டேன். அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொன்னாள். வளைந்த மட்கார்டோடு அண்ணன் மூன்று வருஷம் ஓட்டினானாம். ஒவ்வொரு தடவை அந்தச் சைக்கிளைப் பார்க்கும்போதும் தான் ஏறி விழுந்த அடையாளம் அதில் இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமாம். இதை அந்த ஒடிசாக்காரியிடம் சொல்லியிருக்கிறாயா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அந்த மட்டுக்கு முன்னேறியிருந்தேன்.

இந்த வருஷம் ஆடியில் அந்தப் பெண்ணும் புருஷனும் அவினாசிப் பக்கம் குடி மாறினார்கள். அங்கே ஒரு கம்பெனியில் ரெண்டு பேருக்கும் பகல் ஷிப்ட், இருக்க வீடும் கொடுத்தார்கள். குழந்தையையும் ஊரிலிருந்து கூட்டிவந்துவிட்டார்கள். அவர்கள் சாமான் ஏற்றிய அன்று என் மனைவி அழுதாள். நானும் போய் ஒரு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தேன். எனக்கு வருத்தம் இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. இனி வழியில் நாங்கள் ரெண்டு பேர்தான் என்று அது சொல்லிக்கொண்டே வந்தது.

அப்படி ஆகவில்லை. இந்த மார்கழியில் நாங்கள் ரெண்டு சைக்கிளில் பக்கம் பக்கமாகத்தான் போகிறோம். நான் பின்தங்கினால் அவள் மிதிப்பதைக் குறைக்கிறாள். ஆனால் வீட்டை விட்டு நூறடி போவதற்குள் அவளுக்குப் போன் வந்துவிடுகிறது. ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தச் சிவப்புப் பனியனின் தலைமூடிக்குள் மறைத்துக்கொண்டு, கம்பெனி வாசல் வரைக்கும் பேசுகிறாள். அந்தப் பெண்ணும் அதே நேரத்தில் அவினாசியில் தன் கம்பெனிக்கு நடந்து போகிறாளாம். ரோட்டில் போகும்போது காதில் எதையும் மாட்டாதே, ஆபத்து என்று சொன்னேன். அது உண்மையான அக்கறைதான், ஆனால் முழுக்க அக்கறை என்று சொன்னால் அவளும் நம்ப மாட்டாள். இந்தப் பக்கத்துக் காதில் மாட்டவில்லையே, நீங்கள் பேசுவது கேட்கிறதே என்றாள்.

ஆகவே நான் அந்தப் பேச்சில் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறேன். அதிலேயே கொஞ்சம் இந்தி வந்துவிட்டது. குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டது, தமிழ் எழுத்து எழுதுகிறது, புருஷனுக்குப் புது சூப்பர்வைசரோடு ஒத்துவரவில்லை என்பதெல்லாம் தெரியும். போன வாரம் பாலத்தின் மேல் ஏறும்போது, எனக்கு இரைப்பு வந்து இருமினேன். மனைவி போனில் எதையோ கேட்டுவிட்டு, "ஆமா, பக்கத்துலதான் வாராரு" என்றாள். பிறகு சிரித்தாள்.

இறக்கம் வந்ததும் கேட்டேன். "என்ன கேட்டா?"

"இருமல் யாருதுன்னு கேட்டா. சொன்னேன். மருந்து குடிக்கறாரான்னு கேட்டா."

"அதுக்கு எதுக்குச் சிரிச்சே?"

"அது வேறைங்க" என்றாள் மனைவி. அதற்குள் போனில் அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது, அவள் கவனம் அங்கே போய்விட்டது. நான் அந்த வேறு என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே, அவளுக்கு ஒரு சக்கரம் பின்னால் கம்பெனி வரைக்கும் மிதித்தேன்.